உள்ளதைச் சொன்னவர்

எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அவரை எடுக்க விடமாட்டோம்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாடிக் குடியிருப்பில் நாங்கள் நாலு பேர் ஒன்றாக இருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை செல்வனைத் தேடி வந்த அழைப்பை அவர் எடுத்துவிட்டார். யாரோ வீடு மாறுகிறார்களாம், சாமான் தூக்க ஆள் வேண்டுமாம். செல்வன் சோபாவில் படுத்தபடி, நான் இல்லையென்று சொல்லுங்கோ என்று கையால் காட்டினான். அவர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு தொலைபேசியில், "செல்வன் இருக்கிறார். இல்லையெண்டு சொல்லச் சொல்லுறார்" என்று சொல்லிவிட்டு, வயரை இழுத்துக்கொண்டு வந்து அவன் கையிலேயே கொடுத்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. உப்பைக் கேட்டால் உப்பை எடுத்துக் கொடுப்பது போலத்தான்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களில் அவர்தான் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணை. வடமராட்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. அதிகம் கதைக்கமாட்டார். கேளாமல் எவரைப் பற்றியும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கேட்டால், உள்ளதுதான் வரும். கறி எப்படியென்று கேட்ட வீட்டுக்காரியிடம் உப்புக் கூட என்பார். புதுக் காரைக் காட்டி எப்படியண்ணை என்று கேட்டவரிடம், "வாங்கியிருக்கத் தேவையில்லை" என்றார். அவரோடு இருந்தவர்கள் எல்லாரும் மெல்ல மெல்லக் கேள்வி கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

டேனிஷ்காரருக்கு அவரைப் பிடிக்கும். நாங்கள் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். மேற்பார்வையாளர் ஒருநாள் வரிசையாக வந்து, வேலை எப்படி, பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். நாங்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு, நல்லது, நல்லது என்றோம். அண்ணை தனக்குத் தெரிந்த டேனிஷில், "இல்லை. குளிரில் விரல் மடங்குதில்லை. கத்தி வழுக்குது" என்றார். அவருடைய வேலை போகப்போகிறது என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த திங்கட்கிழமை அவரைப் பொதி செய்யும் அறைக்கு மாற்றி, எங்கள் எல்லாருக்கும் கையுறைக்குள் போடத் தடித்த உள்ளுறை கொடுத்தார்கள். அந்த மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு எதைக் கேட்பதானாலும் அவரிடம்தான் கேட்பார்.

எங்களுக்குத்தான் அவரால் பயம். அந்தக் காலத்தில் எங்கள் சீவியமே யார் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்லவேண்டும் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் வந்தவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் பொலிஸ் விசாரணைக்கு அனுப்புவார்கள். அவருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். விசாரணை அறையில் ஆமி உங்களை அடித்ததா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, எனக்குப் பக்கத்தில் நின்ற என் தம்பியை அடித்தார்கள், என்னை விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்க்க வந்த தமிழர் பதறிப்போய், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கோ என்றாராம். அவர் அதிகாரியைப் பார்த்து, "இவர் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லச் சொல்லுறார்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அந்த மொழிபெயர்ப்பாளர் சாகும்வரை அவர் முகத்தில் முழிக்கவில்லை.

எப்படியோ அவருக்கு இருக்க அனுமதி கிடைத்தது. உடனே மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். மகள் தளர்நடை போட்டுக்கொண்டிருந்த வயதில் விட்டுவிட்டு வந்தவர். பதில் வரவில்லை. எங்களில் குடும்பத்தைக் கூப்பிட்ட ஒருவருக்கும் பதில் வரவில்லை. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். தமிழருடைய அந்தக் கோப்புகளைத் தொடாமல் ஒதுக்கி வைக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லப்பட்டிருந்தது என்பது பிறகுதான் நாடு முழுக்கத் தெரியவந்தது. அதன் பேரில் ஓர் அரசாங்கமே விழுந்தது. ஆனால் அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தபால்காரரின் சைக்கிள் வாசலைத் தாண்டிப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே ஊரில் இந்தியன் ஆமி வந்து, சண்டை தொடங்கி, அவருடைய வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தது. அக்கா, அதாவது அவருடைய மனைவி, இனிப் பொறுக்கேலாது என்று, ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஓர் ஏஜென்சிக்காரரைப் பிடித்துப் பிள்ளையோடு வெளிக்கிட்டுவிட்டா. அவருக்குச் சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் சொல்லவில்லையாம். மாசி கடைசியில் ஒருநாள் பின்னேரம் தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன். இத்தாலியில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், வென்டிமில்யா என்ற கடற்கரைப் பட்டினத்தில் நிற்கிறோம் என்றா அக்கா. அங்கிருந்து மலையைத் தாண்டிப் பிரான்ஸுக்குப் போய், பிறகு ரயிலில் டென்மார்க்குக்கு வரவேண்டும். மலையில் வழி ஈரமாக இருப்பதால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் தொலைபேசியை வாங்கி அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். கடைசியில், "நான் வாறன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குத் தொழிற்சாலைக் கழகம் இத்தாலியின் அந்தக் கடற்கரைப் பக்கத்துக்கே ஒரு பஸ் பயணம் ஒழுங்கு செய்திருந்தது. இரண்டு இடம் மிச்சமிருந்தது. அகதிப் பயணப் புத்தகத்தோடு தனியாக எல்லை கடப்பதைவிட டேனிஷ்காரரோடு உல்லாசப் பயணிகளாகப் போவது பாதுகாப்பு என்று நான்தான் யோசனை சொன்னேன். எனக்கு ஆங்கிலமும் டேனிஷும் ஓரளவு ஓடும். அதனால் நானும் கூடப் போவதென்று முடிவானது. அவரை இருத்தி வைத்து, அண்ணை, ஆரும் கேட்டால் சுற்றுலா எண்டு மட்டும் சொல்லுங்கோ, வேறொன்றும் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

பயணத்தை நடத்தியவர் கியர்ஸ்டன் என்ற பெண். தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்பவர், ஐம்பது வயது, உயரமானவர், எதையும் உரத்துச் சொல்வார். பஸ் ஜெர்மனிக்குள் போனதும் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தவர், நீங்கள் கடலைப் பார்க்கத்தானே வருகிறீர்கள் என்று அண்ணையைக் கேட்டார். இல்லை, என் மனைவியும் மகளும் அங்கே ஏஜென்சிக்காரரோடு நிற்கிறார்கள், அவர்களைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னார் அவர். ஹம்பேர்க் வருவதற்குள் பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். டேனிஷ்காரர்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். பின்சீட்டில் ஒரு கிழவர், இந்தத் தொல்லையெல்லாம் நமக்கு எதற்கு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கியர்ஸ்டன் கோப்பிப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டு நின்றார்.

சுவிஸிலிருந்து இத்தாலிக்குள் நுழையும் இடத்தில் பொலிஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். அதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணை மூடி நித்திரை போல இருங்கோ என்று அவரிடம் சொன்னேன். "அதுவும் பொய்தானே தம்பி" என்றார். பொலிஸ்காரர் ஒவ்வொரு கடவுச்சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு புத்தகங்களும் நிறம் வேறு. நின்றார். சுற்றுலாவா என்று கேட்டார். நான் ஓமென்றேன். அவர் இல்லையென்றார்.

பொலிஸ்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.  அண்ணை வாயைத் திறக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கியர்ஸ்டன் முன்சீட்டிலிருந்து எழுந்து வந்து, இவர் குடும்பத்தைப் பார்க்கப் போகிறார், எங்களோடு வந்து எங்களோடுதான் திரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். குடும்பம் இத்தாலியிலா இருக்கிறது என்று அண்ணையைப் பார்த்துக் கேட்டார் பொலிஸ்காரர். "ஓம், வென்டிமில்யா" என்றார் அவர். அதுவும் உண்மைதான். பொலிஸ்காரர் புத்தகத்தை இன்னும் இரண்டு தரம் புரட்டினார். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டென்மார்க்கில் எங்கள் யூலாந்துப் பக்கத்துப் பள்ளங்களில் இன்னும் பனி கிடந்தது. இங்கே எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. வென்டிமில்யாவை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கீழே சந்தையும் ரயில் நிலையமும் கூழாங்கல் கடற்கரையும். ஆற்றுக்கு அப்பால், குன்றின் மேல் பழைய பட்டினம். ஆயிரம் வருஷத்துத் தேவாலயம், கை விரித்தால் இருபக்கச் சுவரும் தட்டுகிற ஒழுங்கைகள், அவற்றுக்கு மேலே காயும் துணிகள். மற்றவர்கள் தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் பின்ஒழுங்கையால் ஏறினோம்.

மூன்றாம் மாடியில் ஓர் இருட்டறை. ஏஜென்சியின் ஆள், தோல் ஜாக்கெட் போட்ட ஒரு யாழ்ப்பாணத்தார், கதவைத் திறந்தார். உள்ளே அக்கா, மகள், மானிப்பாயைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி. அவர் வாசலிலேயே நின்றார். அக்கா எழுந்து நின்றா. இருவரும் கிட்டப் போகவில்லை. மகள் தாயின் சீலைக்குப் பின்னால் மறைந்துகொண்டு, இது ஆர் என்று கேட்டாள். அப்பா என்றா அக்கா. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "படத்திலை கண்ணாடி இல்லை" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அதைத் திரும்பப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

நாளைக்கு வழி காயும், நாளைக்கு மாலை போகலாம் என்றார் ஏஜென்சியின் ஆள். வழியைப் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

மறுநாள் காலை எங்கள் பஸ் குகைகள் பார்க்கப் போனது. எல்லையோடு ஒட்டினாற்போல், கடலை நோக்கி நிற்கும் சிவந்த பாறைச் சுவரில் அந்தக் குகைகள். ஆதி மனிதரின் எலும்புகள் கிடைத்த இடமாம். அதற்கு மேலே மலையில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கேதான் பாதை தொடங்குகிறது. ஏஜென்சியின் ஆள் எங்களுக்கு முன்னமே வந்து அங்கே நின்றார். ஆட்டுத்தடம் போன்ற ஒரு கோடு பாறையைச் சுற்றி ஓடி மறைந்தது. அதற்கு அப்பால் பிரான்ஸ். வெயிலில் வெள்ளை வெள்ளையாக வீடுகள் தெரிந்தன, கையை நீட்டினால் தொடலாம் போல. கீழே பார்த்தால் ரயில் பாதை, அதற்கும் கீழே கடல்.

"இதிலை ஆரும் விழுந்தவையோ?" என்று கேட்டார் அவர்.

ஏஜென்சியின் ஆள் சிரித்தார். சின்னப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டு போகிற வழி அண்ணை என்றார். அவர் அந்த ஆளின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பக்கத்தில் படிக்கட்டுத் தோட்டத்தில் ஒரு கிழவி பூப் பறித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ப் பாதையைக் காட்டி, இரண்டு விரலால் நடந்து காட்டி, பிறகு கையைக் கீழே விழுத்திக் காட்டினார். கிழவி சிலுவை அடையாளம் போட்டாள். கீழே பாறைகளைக் காட்டி ஏதோ சொன்னாள். ஊர்க்காரர் அதைச் சாவுப் பாதை என்றுதான் சொல்வார்கள் என்று கியர்ஸ்டன் தன் கையேட்டில் பார்த்துப் பிறகு சொன்னார்.

அறைக்குத் திரும்பி வந்து, இந்த வழியால் போகேலாது என்றார் அவர். அக்கா அப்போதுதான் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தா. சீப்பைக் கீழே வைத்தா.

"மொஸ்கோவிலை பனிக்குள்ளை நிண்டனாங்கள். லொறிக்குள்ளை பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தனாங்கள். உங்கடை டென்மார்க் ஒரு வரி பதில் தரேல்லை. இனி ஒரு மலைதானே? நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவன்."

"ஆக்கள் விழுந்திருக்கினம்" என்றார் அவர்.

"விழாமல் போன ஆக்களும் இருக்கினம்தானே?"

"ஓம். கனபேர் போயிருக்கினம்."

 அக்காவை மறிக்க வந்தவர், அக்காவின் பக்கத்து நியாயத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறார்.

"அப்ப ஏன் மறிக்கிறியள்?"

"எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் அவர். அதற்குமேல் ஒரு காரணமும் சொல்லவில்லை.

அக்கா சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டா. பிறகு, அப்ப என்ன செய்கிறது என்று கேட்டா. பொலிஸுக்குப் போய் உள்ளதைச் சொல்லுவோம் என்றார் அவர்.

அறையே கலங்கிப்போனது. ஏஜென்சியின் ஆள் அவருடைய சட்டையைப் பிடித்தார். மானிப்பாய்ப் பெண் அழத் தொடங்கினாள். நான் இடையில் புகுந்து, அண்ணை, போறதெண்டால் போங்கோ, இந்த ஆக்களைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்கவேண்டாம் என்றேன். கேட்டால் சொல்லுவன் என்றார். பிறகு ஏஜென்சியின் ஆளைப் பார்த்து, "நான் பின்னேரம்தான் போவன். அதுக்கு முன்னம் நீங்கள் போங்கோ" என்றார்.

அவர்கள் பட்டப்பகலில், காயாத வழியில் கிளம்பவேண்டி வந்தது. மானிப்பாய் இளைஞன் படியிறங்கும்போது அவரைத் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொன்னான். அதை இங்கே எழுதமுடியாது. அவர் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தேவாலயப் படியில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார். கண் அந்த மலைப்பக்கமே இருந்தது. எனக்கு அந்த நேரம் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அக்காவையும் பிள்ளையையும் திருப்பி ஊருக்கே அனுப்பப்போகிறார்கள், மானிப்பாய்த் தம்பதி இவரால் பாறையில் விழப்போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களைத் தேடி வந்த கியர்ஸ்டன், நிலைமையைக் கேட்டுவிட்டுத் தானும் வருகிறேன் என்றார். அன்று பின்னேரம் எல்லாரும் கடல்முனையில் உள்ள பெரிய தாவரத் தோட்டத்துக்குப் போகவிருந்தார்கள். கியர்ஸ்டன் பஸ் சாரதியிடம் போய், நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

பொலிஸ் நிலையத்தில் நடுவயதுள்ள ஓர் அதிகாரி. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அண்ணை தமிழில் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். எப்படி வந்தார்கள், யார் கொண்டுவந்தார்கள், எந்த வீட்டில் இருந்தார்கள், எல்லாம் சொன்னார். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தா. வேறு ஆட்கள் இருந்தார்களா என்று அதிகாரி கேட்டார். இருந்தார்கள், போய்விட்டார்கள் என்றார். எங்கே என்று கேட்டார்.

"மலைக்கு" என்றார் அவர் தமிழில்.

தெரியாதாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு அதிகாரியைப் பார்த்து, நோ, என்றார். மௌன்டன், என்றார். யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

அதிகாரி பேனாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாருடனோ தொலைபேசியில் பேசுவது கேட்டது. எனக்கு மொழி விளங்கவில்லை. கியர்ஸ்டன் என் தோளில் கை வைத்தார்.  அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து, கணவரைப் பார்த்து, "திருப்பி அனுப்புவினமோ?" என்று கேட்டா. "தெரியாது" என்றார் அவர்.

அதிகாரி திரும்பி வந்தபோது கையில் ஒரு பாண் துண்டும் தோடம்பழமும் இருந்தன. பிள்ளையிடம் கொடுத்தார். தொலைபேசியில் அவர் யாரைக் கூப்பிட்டாரோ, மலைக்கு ஆள் அனுப்பினாரோ இல்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொஞ்சநேரத்தில் ஒரு பாதிரியார் வந்தார். அவரும் கியர்ஸ்டனும் அதிகாரியும் பொழுதுபடும்வரை பேசினார்கள். கியர்ஸ்டன், டென்மார்க்கில் விண்ணப்பம் கிடக்கிறது, கணவர் அங்கே வேலை செய்கிறார், நானே பார்த்தேன் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். கடைசியில், வேறு நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள் என்று எழுதி, இருக்க அனுமதி கொடுத்தார்கள். கன்னியர் மடத்தில் தங்கலாம். ஆனால் டென்மார்க் கூப்பிடும்வரை இத்தாலியை விட்டு வெளியே போகக்கூடாது.

எங்கள் பஸ் கிளம்பும் நாள் காலையில் கன்னியர் ஒருவர் அக்காவையும் பிள்ளையையும் வழியனுப்பக் கூட்டிவந்தார். மூன்று நாளும் அவருக்குக் கிட்டப் போகாத பிள்ளை, அன்று அவருடைய கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது கூப்பிடுவியள் என்று அக்கா கேட்டா. எனக்குத் தெரியாது, வருஷக்கணக்காகலாம், கோடை லீவில் வாறன் என்றார் அவர். சாரதி இயந்திரத்தை முடுக்கினார். எல்லாரும் ஏறியாயிற்று. யன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நாளைக்கும் வருவீங்களோ?" என்று கேட்டாள் பிள்ளை.

அவர் குனிந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.  ஓம் என்று சொல்லிவிடுங்கோ அண்ணை, ஒரு சொல்தானே என்று எனக்குள் நினைத்தேன்.

"இல்லையம்மா" என்றார்.

பிள்ளை பையை விட்டுவிட்டாள். அழவில்லை. தாயிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் இதுவரை எந்தப் பெண்ணின் முகத்திலும் பார்த்ததில்லை. பஸ் சுவிஸை நெருங்கிக்கொண்டிருந்தது. வரும்போது சலித்துக்கொண்ட அந்தக் கிழவர் எழுந்து வந்து, தன் ரொட்டியில் பாதியைத் தாளில் சுற்றி அண்ணையின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து அந்தக் கிழமை முடியுமுன்னமே மானிப்பாய்த் தம்பதி வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு கீறல் இல்லை. மலையைத் தாண்டி, ரயிலேறி, சுகமாக வந்து அகதி விண்ணப்பமும் கொடுத்துவிட்டார்கள். ஊர் முழுக்கக் கதை பரவியது. பெண்சாதியையும் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டுபோய்ப் பொலிஸிடம் கொடுத்தவன் என்றார்கள். கோயில் பூசைக்கு நாங்கள் மண்டபம் எடுக்கும் நாட்களில் அந்தத் தம்பதி அவர் இருக்கும் வரிசையில் இருக்கமாட்டார்கள். ஒருநாள் தொழிற்சாலை வாசலில் சைக்கிளைப் பூட்டும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், நீங்கள் செய்தது பிழையென்று நினைக்கிறீங்களோ அண்ணை என்று. அவர் சாவியைத் திருகி எடுத்தார். "இருக்கலாம்" என்றார். பிறகு உள்ளே போய் வேலை உடுப்பை மாட்டினார்.

அவர் கோடை லீவில் வருவதாகச் சொன்னார், கோடை லீவில் போனார். அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கும் போனார். அதற்கிடையில் கோப்புகள் ஒதுக்கிவைக்கப்பட்ட கதை வெளியே வந்து, பத்திரிகைகள் கேள்வி கேட்டு, ஒதுக்கிவைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு பனிக்காலம் கழித்து அக்காவும் பிள்ளையும் கையில் விசாவோடு வந்து இறங்கினார்கள். கியர்ஸ்டன் பூங்கொத்தோடு வந்து நின்றார். பிள்ளை இத்தாலியனில் பேசினாள். பிறகு அவர்கள் விபோர்க்குக்கு வீடு மாறிப் போனார்கள். நான் கல்யாணம் கட்டி ஹ்விடோவ்ரேயில் குடியேறினேன். வருஷத்தில் ஒருமுறை இருமுறை காண்போம். என் மனைவி சமைத்த கறியைப் பற்றி அவரிடம் கேட்கவேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். அவளுக்கு அது பிடிபடவில்லை, ஒருநாள் கேட்டாள். நல்லாயிருக்கு என்றார் அவர். அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள்.

போன மாரியில் அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் முடிந்து சனம் போனபிறகு விபோர்க் வீட்டுக் குசினியில் நானும் அக்காவும் தேத்தண்ணியோடு இருந்தோம். முன்அறையில் மகள் தன் பிள்ளைகளோடு டேனிஷில் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். அவளே இப்போது ஒரு மூதாளர் இல்லத்தில் தாதி. நான் இவ்வளவு காலமும் கேட்காததை அன்று கேட்டேன், அந்த மலை விஷயத்தில் அண்ணை மேல் உங்களுக்குக் கோபம் இல்லையோ என்று.

அக்கா யோசித்துத்தான் சொன்னா.

"கெதியிலை கூப்பிடுவன் எண்டு சொல்லியிருந்தால், நான் பெட்டியைக் கட்டிவைச்சுக்கொண்டு அந்த மடத்து வாசல்லையே இருந்திருப்பன். அங்கை வேறை நாட்டுப் பெண்டுகள் அப்பிடித்தான் இருந்து விசர் பிடிச்சுப் போச்சினம். இவர் வருஷக்கணக்காகலாம் எண்டார். அடுத்த கிழமையே நான் பூத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விட்டன். கோடையிலை வாறன் எண்டால் கோடையிலைதான் வருவார் எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னம் வாசலைப் பாக்கத் தேவையில்லை. அதாலைதான் நான் தப்பினன்."

தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது. அக்கா கோப்பையைத் தள்ளி வைத்தா.

"ஆனால் அந்தப் பஸ்ஸடியிலை அவர் பிள்ளைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் தம்பி. அதை மட்டும் என்னாலை மறக்கேலாமல் இருந்தது. இஞ்சை வந்து கன வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் அவரிட்டைக் கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"சொல்லத்தான் பாத்தனான், வரேல்லை எண்டவர்."